வீக்கம் வடியும் காலம்

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த சில நாட்களில் பெரும்பாலான குடும்பங்களில் ஒரு கலக்கம் வருகிறது. ஆஸ்பத்திரியில் தடிமனான கட்டுக்குள் மறைந்திருந்த கால் இப்போது கண்ணில் படுகிறது. தொடை பருத்து, முழங்காலின் சில்லு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் மூடிப்போய், கணுக்கால் மேடும் காணாமல் போயிருக்கும். "ஆபரேஷனுக்கு முன்னாடிகூட இவ்வளவு வீங்கலையே, ஏதோ தப்பாயிடுச்சு போல" என்று நோயாளி நினைக்கிறார். வீட்டில் இருப்பவர்களும் அதையேதான் நினைக்கிறார்கள், வாய்விட்டுச் சொல்வதில்லை.

பெரும்பாலும் எதுவும் தப்பாகவில்லை. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீக்கம் முதல் வாரம் முழுக்க ஏறிக்கொண்டே போய், அந்த வாரக் கடைசியை ஒட்டி உச்சத்தைத் தொடும். அதாவது, ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் கால் மிகப் பெரிதாகத் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். அதனால்தான் இந்த அத்தியாயத்தை அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீக்கம் எங்கிருந்து வருகிறது?

மூட்டு மாற்றும்போது தொடை எலும்பின் கீழ்முனையையும் கால் எலும்பின் மேல்முனையையும் சீவி எடுத்துவிட்டு, அங்கே உலோகத்தைப் பொருத்துகிறார்கள். எலும்பின் உட்புறம் ரத்தம் நிறைந்தது. தோலைத் தைத்து மூடிய பிறகும் வெட்டிய இடத்தில் சில நாள் கசிவு இருக்கும். இது முதல் காரணம். காயம் பட்ட இடத்துக்கு ஆற்றும் வேலைக்காக உடம்பு தானே நீரையும் அணுக்களையும் அனுப்புவது இரண்டாவது. அந்த நீரைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டிய நுண்ணிய நிணநீர்க் குழாய்களும் சிறு ரத்தக் குழாய்களும் கத்தி பட்ட இடத்தில் அறுபட்டிருப்பது மூன்றாவது. அவை மறுபடி வழி ஏற்படுத்திக்கொள்ள வாரங்கள் ஆகும்.

நான்காவது காரணம் ஆடுசதை. நாம் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அது சுருங்கி, காலில் இறங்கிய ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. படுத்தே இருந்தாலும், நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே இருந்தாலும் அந்த வேலை நின்றுவிடுகிறது. நீர் கீழே தங்கிவிடுகிறது. முதல் மூன்று காரணங்களையும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. நான்காவது முழுக்க நம் கையில் இருக்கிறது. கீழே நான் சொல்லப்போகும் பெரும்பாலான விஷயங்கள் இந்த நான்காவதைச் சுற்றியே வரும்.

வீக்கத்தைப் பார்வைக்கு அசிங்கமான, தானாகப் போய்விடும் ஒன்றாக மட்டும் நினைத்து விட்டுவிடக் கூடாது. மூட்டுக்குள் நீர் தேங்கினால் தொடையின் முன்புறத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையே மட்டுப்பட்டுவிடுகிறது. நல்ல முழங்காலுக்குள் உப்புநீரைச் செலுத்திப் பார்த்த பரிசோதனைகளில், 20 முதல் 30 மில்லி லிட்டர் உள்ளே போனதுமே தொடையின் உட்பக்கத் தசை சரியாக இயங்க மறுத்தது. வலியே இல்லாதபோதும் இப்படித்தான். காலை நீட்டியபடி படுக்கையிலிருந்து தூக்கச் சொன்னால் "முடியலைப்பா" என்று சொல்லும் அம்மாவை, "நீ முயற்சியே பண்றதில்ல" என்று மகன் கடிந்துகொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். அவர் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறார்; தசைக்குக் கட்டளை முழுதாகப் போய்ச் சேரவில்லை. நீர் வடிய வடியத் தசை விழிக்கும். ஆகவே வீக்கத்தைக் குறைப்பதும் உடற்பயிற்சியின் ஒரு பகுதிதான்.

காலை உயர்த்துவது

எல்லாரும் காலை உயர்த்தி வைப்பதாகத்தான் சொல்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஸ்டூலில் வைத்திருப்பார்கள். ஸ்டூல் இடுப்பளவுக்குக்கூட வராது. நீர் இறங்க வேண்டுமானால் கணுக்கால் நெஞ்சைவிட மேலே இருக்க வேண்டும். அதற்கு உட்கார்ந்திருந்தால் முடியாது, படுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டு மூன்று தலையணையை நீளவாக்கில் அடுக்கி, ஆடுசதையிலிருந்து குதிகால் வரை தாங்கும்படி வையுங்கள். முழங்கால் நீட்டியே இருக்கட்டும்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணையைச் சுருட்டி வைத்தால் சுகமாக இருக்கும், வலியும் குறையும். அப்படியே இரவு முழுக்கத் தூங்கினால் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். பிறகு காலை முழுதாக நீட்ட முடியாமல் நொண்டி நடப்பார்கள். மடக்கம் குறைந்தால் பயிற்சியில் மீட்கலாம். நீட்டம் குறைந்துவிட்டால் மீட்பது மிகக் கடினம். முழங்காலுக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள்.

தலையணை இரவில் நழுவிவிடும் என்பவர்கள் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். கட்டை ஆடாமல் உறுதியாக இருக்க வேண்டும். இதய பலவீனம் உள்ளவர்களும் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். இரவு தவிர, பகலில் மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு முறையும் அரை மணிக்குக் குறையாமல் படுத்துக் காலை உயர்த்துங்கள்.

கட்டிலைப் போடும் திசையையும் முன்கூட்டியே யோசியுங்கள். சாமி படம் இருக்கும் பக்கம் கால் நீட்ட நம் வீட்டுப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள். வாயால் சொல்லாமல், யாரும் பார்க்காதபோது காலை மடக்கிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முந்தைய நாளே கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை.

நாற்காலியும் விருந்தாளிகளும்

வீக்கம் வடியாமல் நிற்பதற்கு நான் பார்த்த வரையில் முதல் காரணம் நாற்காலி. அளவுக்கு மீறிப் பயிற்சி செய்து வீங்க வைத்துக்கொள்பவர்களைவிட, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே வீங்க வைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் தையலோ கிளிப்போ எடுத்துவிடுவார்கள். அதோடு, 'இனி ஆறிவிட்டது' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நலம் விசாரிக்க உறவுக்காரர்களும் அப்போதுதான் வரத் தொடங்குகிறார்கள். சம்பந்தி வீட்டார் வந்திருக்கும்போது படுத்துக்கொண்டு காலைத் தலையணைமேல் தூக்கி வைக்க யாருக்கு மனம் வரும்? "வாங்க, வாங்க" என்று எழுந்து வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர்கள் காபி குடித்து முடித்துக் கிளம்பும்வரை இரண்டு மணி நேரம் காலைத் தொங்கவிட்டபடி பேசிக்கொண்டிருப்பார். சாயங்காலம் கால் கல் மாதிரி இருக்கும்.

இதை நோயாளியால் சமாளிக்க முடியாது. வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும். "டாக்டர் காலைத் தொங்கவிடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார், மாமா. அப்பா படுத்துக்கிட்டே பேசட்டும்" என்று மகளோ மருமகளோ சொன்னால் வந்தவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் ஆறு வாரத்துக்கு ஒரே மூச்சில் 30 முதல் 45 நிமிடத்துக்குமேல் நாற்காலி வேண்டாம். சாப்பாட்டுக்கு, மடக்கும் பயிற்சிக்கு, குளிக்க, இவ்வளவுக்கும் உட்காரலாம். முடிந்ததும் எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டுப் படுக்கைக்குப் போக வேண்டும். தொலைக்காட்சித் தொடரையும் படுத்துக்கொண்டு பார்க்க வசதி செய்து கொடுங்கள்.

பாதத்தை ஆட்டுவது

பாதத்தை மேலே முகத்தை நோக்கி முழுதாக இழுத்து, பிறகு கீழே முழுதாக அழுத்துவது. இவ்வளவுதான் பயிற்சி. விழித்திருக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் இருபது முப்பது தடவை செய்ய வேண்டும். பலர் விரல்களை மட்டும் ஆட்டிவிட்டுச் செய்துவிட்டதாகச் சொல்வார்கள். ஆடுசதையில் கையை வைத்துப் பாருங்கள்: பாதத்தை அழுத்தும்போது சதை கையடியில் இறுகி எழ வேண்டும். எழவில்லை என்றால் பயிற்சி நடக்கவில்லை. காலை உயர்த்திய நிலையிலேயே இதைச் செய்தால் பலன் கூடும். காலில் ரத்தம் உறைந்துவிடாமல் தடுக்கவும் இதுவே துணை. அதோடு, முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்தி, தொடை முன்தசையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐஸ்

ஐஸ் கட்டிகளை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கவரில் போட்டு, கொஞ்சம் தண்ணீரும் ஊற்றிக் கட்டினால் முழங்காலின் வளைவுக்குப் படிந்து உட்காரும். கட்டி மட்டும் போட்டால் அங்கங்கே குத்திக்கொண்டு நிற்கும். கவரை மெல்லிய துண்டில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். அதற்குமேல் வேண்டாம். அடுத்த தடவைக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். பயிற்சி முடிந்த உடனேயும், இரவு தூங்கப் போகுமுன்னும் வைப்பது அவசியம். தையல் பிரிக்கும்வரை காயக்கட்டு நனையக் கூடாது. கவரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தழும்பின் வெளிப்பக்கத்தில் தோல் மரத்துப் போயிருக்கும். வெட்டும்போது அங்கே போகும் சிறு நரம்புக் கிளை அறுபடுவதால் வருவது அது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த இடத்தில் ஐஸ் சுட்டாலும் தெரியாது. ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துண்டை விலக்கித் தோலைக் கண்ணால் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயால் காலில் உணர்வு குறைந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஐஸ் வைத்தால் காயம் ஆறுவது தள்ளிப்போகும் என்று கேள்விப்பட்டவர்கள் இருப்பீர்கள். அடிபட்டால் ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தல் என்ற சூத்திரத்தை 1978ல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், 2014ல் ஐஸ் விஷயத்தில் தன் கருத்தை மாற்றிக்கொண்டு எழுதியதிலிருந்து பரவிய பேச்சு அது. அவர் பேசியது விளையாட்டுக் காயங்களைப் பற்றி. மூட்டு மாற்றியவருக்கு ஐஸின் முக்கியப் பலன் வலி அடங்குவது. வலி அடங்கினால் நடப்பார், பயிற்சி செய்வார், இரவில் தூங்குவார். அதற்காகவே நான் ஐஸைக் கைவிடச் சொல்வதில்லை.

கட்டும் காலுறையும்

கிரேப் பேண்டேஜ் சுற்றுவதாக இருந்தால் பாதத்திலிருந்து தொடங்கித் தொடைவரை மேல்நோக்கிப் போக வேண்டும். கீழே கொஞ்சம் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. முழங்காலில் மட்டும் இறுக்கிச் சுற்றினால் அதற்குக் கீழே கால் உப்பிவிடும். விரல் நீலமானாலோ மரத்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். மருத்துவர் இறுக்கக் காலுறை கொடுத்திருந்தால், காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன்பே மாட்டுங்கள். இறங்கியபின் வீங்கிய காலில் மாட்டுவது பெரும்பாடு. மேல்விளிம்பு சுருண்டு கயிறு மாதிரி அழுத்தாமல் இருக்க வேண்டும். தினமும் கழற்றிக் குதிகால் தோலைப் பாருங்கள். காலில் ரத்த ஓட்டம் குறைவு என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர்கள் கேட்காமல் போடக் கூடாது.

அளந்து எழுதுங்கள்

வீக்கம் குறைகிறதா கூடுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தினமும் பார்ப்பவருக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை பார்ப்பவருக்கு நினைவிருக்காது. தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில்லின் நடுவில் ஒன்று, அதற்குமேல் 10 சென்டிமீட்டரில் ஒன்று, கீழே 15 சென்டிமீட்டரில் ஒன்று என்று பேனாவால் சிறு கோடு போட்டு, மூன்று இடத்திலும் சுற்றளவு எடுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. காலையில் எழுந்ததும், இறங்குமுன், ஒருவரே அளக்கட்டும். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் எழுதி, ஒரு கிளிப்பில் சேர்த்து வைத்தால் மறுபரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் காட்டலாம்.

சாயங்கால அளவைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். பகலில் நின்று நடந்த கால் மாலையில் கூடுதலாகத்தான் இருக்கும். ஒரு காலை அளவையும் மறுநாள் காலை அளவையும்தான் ஒப்பிட வேண்டும். இரவு முழுக்கக் காலை உயர்த்திப் படுத்தும் மறுநாள் காலையில் முழங்கால் ஒரு சென்டிமீட்டருக்குமேல் கூடியிருந்தால், நேற்று செய்தது அதிகம் என்று பொருள். அன்று நடையையும் பயிற்சி எண்ணிக்கையையும் பாதியாகக் குறைத்து, உயர்த்துவதைக் கூட்டுங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம். கூடவில்லை என்றால், லேசான வலி இருந்தாலும், அடுத்த நாளைக்குக் கொஞ்சம் கூட்டலாம். எவ்வளவு நடக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்; எல்லா முழங்காலுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. நடையை நீளமாக ஒரே தடவையில் முடிக்காமல், பத்து நிமிடம் வீதம் பலமுறையாகப் பிரித்துக்கொள்வது எப்போதும் நல்லது.

வழிகாட்ட ஆள் இல்லாமல் தவிப்பவர்களுக்கு ஒரு தகவல்: தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எண்ணெய், ஒத்தடம், பற்று

அன்போடு செய்யப்படும் தீங்குகள் இவை. முதல் வாரங்களில் வெந்நீர் ஒத்தடமும் தவிட்டு ஒத்தடமும் ரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தை ஏற்றிவிடும். காயம் முழுதாக மூடுமுன் எண்ணெயோ பற்றோ மஞ்சளோ பட்டால் கிருமி உள்ளே போக வழி. உள்ளே இருப்பது உலோகம். அதில் கிருமி ஒட்டிக்கொண்டால் சில சமயம் மூட்டையே கழற்ற வேண்டி வரும். ஆடுசதையை அழுத்தி உருவிவிடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து: அங்கே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். பாட்டி மனம் நோகும் என்று இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். காயம் நன்றாக ஆறியபின், இயன்முறை மருத்துவர் காட்டிக் கொடுத்தபடி தழும்பை மெல்லத் தடவிவிடலாம்.

தொடையிலும் ஆடுசதையிலும் கருநீலமாகக் கன்றிப்போவதும், அது நாள்பட நாள்பட மஞ்சளாகிக் கணுக்கால்வரை இறங்குவதும் இயல்பு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்கு அதிகமாகவே தெரியும். அதைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

இரண்டு பாதமும் ஒரேபோல் வீங்கினால் முழங்காலைக் குறை சொல்லாதீர்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின், நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், சில வலி மாத்திரைகள் ஆகியவை பாதத்தில் நீர் கோக்க வைக்கும். சிறுநீரகத்தையும் இதயத்தையும்கூடப் பார்க்க வேண்டியிருக்கலாம். மாத்திரைப் பட்டியலோடு மருத்துவரிடம் போங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை இந்த மாதங்களில் குறைத்துக்கொள்ளுங்கள். வெறும் கஞ்சியோடு நிறுத்தாமல் முட்டை, பருப்பு, மீன், பால் என்று புரதம் சேருங்கள். காயம் ஆற அது வேண்டும்.

காத்திருக்கக் கூடாத வேளை

ஆடுசதை திடீரென்று பருத்து, இறுகி, தொட்டால் வலித்து, காலை உயர்த்தியும் குறையாமல் இருந்தால் அன்றே காட்ட வேண்டும். டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ, காலை விடியட்டும் என்று இருக்காமல் 108ஐ அழையுங்கள். தையல் வழியே நீரோ சீழோ கசிவது, சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், குறைந்து வந்த வலி திரும்ப ஏறுவது, இவை கிருமித்தொற்றின் அடையாளம்.

முழங்கால் தொடச் சூடாக இருப்பது மட்டும் தொற்று ஆகாது. மற்ற காலைவிடச் சற்றுச் சூடாக ஆறு மாதம்வரை, சிலருக்கு ஒரு வருடம்வரைகூட இருக்கும். வீக்கமும் அப்படித்தான்: பெரும்பகுதி மூன்று மாதத்தில் வடிந்துவிடும், அதிகம் நடந்த நாளின் மாலையில் லேசாக உப்புவது அதற்குப் பிறகும் பல மாதம் தொடரும்.

முழுதாக வடிந்து, மாதக்கணக்காகவோ வருடக்கணக்காகவோ நன்றாக நடந்துகொண்டிருந்த முழங்கால் ஒருநாள் திடீரென்று வீங்கி வலித்தால் அது வேறு கதை. காலில் ஆறாத புண், பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று என்று உடம்பில் வேறெங்கோ இருந்த கிருமி ரத்தம் வழியே செயற்கை மூட்டுக்கு வந்திருக்கலாம். இப்படி வீங்கியதும் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வது பெரிய கெடுதல். மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தால்தான் எந்தக் கிருமி என்று தெரியும்; மாத்திரை போட்டுவிட்டால் சோதனையில் கிருமி சிக்காமல் போகலாம், உள்ளேயோ இருந்துகொண்டே இருக்கும். அந்த நீரையும் எங்கே வேண்டுமானாலும் ஊசி போட்டு எடுக்க விடாதீர்கள். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரையே தேடிப் போங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியையும் பழைய எக்ஸ்ரேக்களையும் எடுத்துக்கொண்டு.